உம்மாவின் இத்தாவும் என் உதவித்தொகையும்

சமூக அறிவியல் படித்தவர்களுக்கு வேலை கிடையாது, விண்ணப்பம்தான் உண்டு. இதை வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறேன், மறைப்பதற்கில்லை. முனைவர் பட்டம் வாங்கிய பிறகு நான்கு வருடம் காரைக்காலில் ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் விண்ணப்பம் எழுதினேன். கிளிஞ்சல்மேட்டில் மீன் விற்கிற பெண்களைப் பற்றியது என் ஆய்வு. ஒரு நிறுவனம் பருவநிலை மாற்றத்துக்குப் பணம் தருகிறது என்றால் அந்தப் பெண்கள் பருவநிலையால் பாதிக்கப்பட்டவர்கள் ஆவார்கள். இன்னொன்று நகரமயமாதலுக்குத் தருகிறது என்றால் அவர்களே நகரமயமாதலில் சிக்கியவர்கள் ஆவார்கள். வருடத்துக்கு ஒரு புதுச் சட்டையை அவர்களுக்கு மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் பாட்டுக்கு அதே கூடையோடு அதே டெம்போவில் ஏறி அதே மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது வருடம் கிடைத்தது. வடக்கே ஒரு மலையூரில் இருக்கும் ஆய்வு நிறுவனம். ஒன்பது மாதம் அங்கேயே தங்கி எழுத வேண்டும். அறை, சாப்பாடு, நூலகம், மாத உதவித்தொகை எல்லாம் உண்டு. ஒரே நிபந்தனை, தங்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வளாகத்தை விட்டு வெளியே இருந்தால் உதவித்தொகை ரத்து. அதுவரை வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். இதை முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் படிக்காமல் ஒன்றும் கையெழுத்துப் போடவில்லை. வாப்பாவிடம் காட்டியபோது, "தம்மாம்ல எனக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் லீவு. ஒனக்கு ஒம்பது மாசத்துக்குப் பதினஞ்சு நாளுன்னா நல்ல கம்பெனிதான்" என்றார். இருபத்தாறு வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்தவர். எந்த வேலையையும் லீவை வைத்துத்தான் அளப்பார்.

மலையூர் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜன்னலைத் திறந்தால் மரங்களும் மூடுபனியும். நான்கு மணிக்கு எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடிக்கக் கூடுவார்கள். ஏழைகளைப் பற்றி அத்தனை நல்ல பிஸ்கட்டுகளோடு பேசும் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காரைக்கால் என்றால் காரைக்குடியா என்று கேட்டார்கள். இல்லை, புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் புதுச்சேரியோடு ஒட்டியிருக்காது, சுற்றிலும் தமிழ்நாடு என்று முதல் வாரம் விளக்கினேன். இரண்டாவது வாரம் காரைக்குடிதான் என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் காக்கா, என் அண்ணன், குவைத்திலிருந்து போன் செய்தார். வாப்பா விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களில் இறந்தவரின் மையத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் கிடையாது. மலையிலிருந்து இறங்கி, விமானம் பிடித்து, சென்னையில் கார் எடுத்து நான் பூவம் எல்லைக்கு வந்தபோது மறுநாள் காலை ஆகிவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் சாராயக் கடைப் பலகைகள் வரிசையாக வந்தால் எங்கள் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் முதல்முறையாக அழுதேன். வாப்பாவை முந்தின நாள் பிற்பகல் அசர் தொழுகைக்கே அடக்கிவிட்டார்கள். பெற்ற தகப்பன் முகத்தைப் பார்க்க முடியாத தூரத்தில் எனக்கு இடம் கொடுத்த நிறுவனத்தின் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமானதில்லை என்று தெரியும். ஆனாலும் வந்தது.

உம்மா உள் அறையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். இத்தா தொடங்கிவிட்டது. புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் மனைவி வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, நகை கூடாது, பூ கூடாது, நெருங்கிய சொந்தம் தவிர வேறு ஆண்களைப் பார்க்கக் கூடாது. அறை வாசலில் ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். உம்மாவின் நாட்கள் அந்தத் திரைக்கு உள்ளே, வெளி வேலையெல்லாம் திரைக்கு வெளியே. வெளி வேலைக்கு யாராவது ஒருவர் வீட்டில் வேண்டும். காக்கா வந்து பத்து நாள் இருந்தார். கிளம்பும்போது, "நீ இருக்கேல்ல, எனக்குக் கவலையில்ல" என்றார். கவலையைப் பெட்டியோடு எடுத்துப் போகாமல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதில் எங்கள் வீட்டு ஆண்கள் கைதேர்ந்தவர்கள்.

என் பதினைந்து நாள் முடிய மூன்று நாள் இருந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன். நிலைமையைச் சொல்லி, நாலு மாதம் பத்து நாள் விடுப்பு வேண்டும், உதவித்தொகையை அந்த மாதங்களுக்கு நிறுத்தி வைத்தாலும் சரி என்று கேட்டேன். அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள். இப்படியொரு விடுப்பு விதிகளில் இல்லை. உங்கள் தாயாரோடு வேறு உறவினர் யாராவது தங்க இயலாதா? இயலாது என்றால் உதவித்தொகையைக் கைவிடுவதாக எழுதித் தரவும். இரண்டு மாதப் பணத்தைத் திருப்ப வேண்டிய படிவத்தையும் அதோடு இணைத்திருந்தார்கள். அனுதாபமும் படிவமும் ஒரே மின்னஞ்சலில் வந்தன.

கைவிட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன், இதை என் பக்கம் சொல்வதற்கு வேறொன்றும் இல்லாததால் சொல்லிக்கொள்கிறேன். அன்று சாயங்காலம் அங்கே எங்களுக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியை போன் செய்தார். நல்லவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். நான் இத்தாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. களத்தில் தங்குவதும் தங்குவதுதான், அதற்கு விதியில் இடம் இருக்கிறது என்றார். உன் தலைப்பை மாற்றிவிடு. உன் வீடே உன் களம். உன் அம்மாவோடு அந்த நாட்கள் முழுவதும் இருக்கப் போகிறாய், இப்படி ஒரு வாய்ப்பு எந்த ஆய்வாளருக்குக் கிடைக்கும் என்றார். வாய்ப்பு என்ற சொல்லை அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் சரி என்று எழுதிவிட்டேன். கிளிஞ்சல்மேட்டுப் பெண்கள் ஒரு வரியில் காணாமல் போனார்கள்.

உம்மாவிடம் போய், "இங்கயே இருந்துக்கலாம்னு சொல்லிட்டாங்க உம்மா" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் முதல் இத்தாவில் கூட இருக்க வந்த பெண்களிடமெல்லாம், "எம்மவ வேலைய உதறிட்டு வந்து உக்காந்துருக்கா எனக்காக. ஆம்பளப் புள்ள போயிட்டான். இவதான் இருக்கா" என்று சொன்னார். எதிர்வீட்டு லாத்தா, எங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், என் தலையைத் தடவி, "இப்படி ஒரு புள்ளயப் பெத்துருக்கியளே" என்றார். நான் அவர்களுக்கு டீ எடுத்து வரப் போனேன். திருத்திச் சொல்ல ஒவ்வொரு நாளும் நேரம் இருந்தது.

சம்மதப் படிவம் ஒன்று இருந்தது. யாரைப் பற்றி ஆய்வு செய்கிறோமோ அவர் விவரம் தெரிந்து, மனமுவந்து கையெழுத்திட வேண்டும். தமிழில்தான் இருந்தது, நானே மொழிபெயர்த்தது. புருஷன் போன வீட்டில் காகிதம் எவ்வளவு குவியும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, கரண்டு இணைப்பு, வீட்டு வரி, எல்லாவற்றிலும் பெயர் மாற்ற வேண்டும். அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் வாசலோடு நின்றுகொள்வார். நான் காகிதத்தைத் திரைக்கு உள்ளே எடுத்துப் போவேன், உம்மா பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார், நான் வெளியே கொண்டுவந்து கொடுப்பேன். நாற்பதாம் நாளுக்குள் உம்மா படித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார். "நீ கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்" என்பார். உம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும், தினமும் பேப்பர் படிக்கிறவர். ஒரு நாள் வங்கிப் படிவங்களுக்கு நடுவில் என் படிவத்தையும் வைத்தேன். பெருக்கல் குறியை நானே போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் சாயங்காலம் இறங்கியது.

அதன் பிறகு வேலை சுலபமாக நடந்தது. யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள், முதலில் என்ன பேசுகிறார்கள், எப்போது மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள், எல்லாவற்றையும் அடுப்படியில் மளிகைச் சிட்டை எழுதுகிற நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். உம்மா அழ ஆரம்பித்தால் என் கண் கடிகாரத்துக்குப் போகும். அழுகிறவரின் மகளாக உட்காருவதற்கும் குறிப்பெடுப்பவளாக உட்காருவதற்கும் முதுகு ஒரே மாதிரிதான் வளைகிறது, பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நானும் கொஞ்ச நாளில் மறந்துவிட்டேன். உம்மாவுக்கு முடி வாரிவிட்டேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன், குர்ஆனில் யாசின் ஓதும்போது பக்கத்தில் இருந்தேன். இதெல்லாம் நடிப்பு இல்லை. பாசத்தோடு செய்ததையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் மதியம் லுஹர் தொழுத பிறகு இரண்டு பேரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. உம்மாவாகவே, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒன் வாப்பா தம்மாம்ல இருந்த இருவத்தாறு வருஷமும் நான் இத்தாவுலதாம்மா இருந்தேன். அப்ப ஒருத்தரும் பக்கத்துல வந்து உக்காரல. இப்பதான் உக்கார்றாங்க."

அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டே, "அல்லாஹ் மன்னிக்கணும், மவுத்தான மனுசரப் பத்தி இப்படிச் சொல்லக் கூடாது. ஒங்கிட்டயா இருக்கவும் சொல்லிட்டேன்" என்றார்.

மகளாக இருந்தால் அந்த இடத்தில் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எனக்கு உள்ளே குதூகலம் வந்தது. இதுதான் கட்டுரையின் முதல் வரி என்று மனசுக்குள் ஒன்று துள்ளியது. காம்புகளைக் கொட்டப் போகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குப் போய், சொல் மாறாமல் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துத்தான் திரும்பி வந்தேன். இதை எழுதும்போது என்மேல் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

இத்தா முடிந்தது. பெண்கள் வந்து துஆ ஓதினார்கள், உம்மா குளித்து வெளிர்நீலச் சேலை கட்டிக்கொண்டார். நான் மலையூருக்குத் திரும்பி மிச்ச நாட்களை அங்கே முடித்தேன். அந்தக் கட்டுரையை வாசித்தபோது கூட்டத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேராசிரியை, மூல மொழியின் மணம் போகக் கூடாது, அந்த வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே திரையில் காட்டு என்று யோசனை சொன்னார். காட்டினேன். கரையோர நகரம் ஒன்றில் ஒரு விதவை, வயது அறுபதை ஒட்டி, என்று கீழே ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். பெயரை மறைத்தால் ஆளை மறைத்த மாதிரி என்பது எங்கள் துறையின் நம்பிக்கை.

நிறுவனத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. ஆய்வு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் மக்களிடமும் அதை ஒருமுறை சொல்ல வேண்டும். காரைக்காலில் ஒரு கல்லூரியில் ஏற்பாடு செய்தேன். ஆங்கிலத்தில் வாசிப்பது, மாணவர்கள் தூங்குவது, புகைப்படம் எடுத்து அனுப்புவது என்று கணக்குப் போட்டிருந்தேன். எப்படியோ உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "நானும் வர்றேன். எனக்கு இங்கிலீசு புரியாட்டி என்ன, நீ பேசுறதப் பாக்கணும்" என்றார். இத்தாவுக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர அவர் எங்கும் போகவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. எதிர்வீட்டு லாத்தாவையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, இரண்டு ஆட்டோவில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆங்கிலம் இருக்கிறது, பயமில்லை என்று நான் தைரியமாகத்தான் மேடையேறினேன்.

கல்லூரி முதல்வர் மரியாதை தெரிந்த மனிதர். வரவேற்புரையில், "நம்ம தாய்மார்கள் இவ்வளவு தூரம் வந்துருக்காங்க. அதனால இன்னக்கித் தமிழ்லயே பேசும்படி கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டினார்கள், உம்மாவும் தட்டினார்.

என் கட்டுரையை நான் தமிழில் சொல்லிப் பார்த்ததே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு கோட்பாடாக இருந்ததெல்லாம் தமிழில் வாயைத் திறந்ததும் எங்கள் வீட்டு அறையாகிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எத்தனையாவது நாளில் நகைப் பேச்சை எடுத்தார்கள் என்ற பகுதியைத் தாண்டினேன். மருமகள் பேச்சைத் தாண்டினேன். தாண்டித் தாண்டி வந்ததில் அடுத்த படம் எது என்பது மறந்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன், அந்த வாக்கியம் சுவர் அளவுக்கு வந்து நின்றது. சட்டென்று மாற்றப் போனேன். முதல்வர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாக வாசித்தார். ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

"எவ்வளவு பெரிய விஷயத்த எவ்வளவு சாதாரணமாச் சொல்லிருக்காங்க பாருங்க" என்றார். "நம்ம ஊர் அம்மாவா இவங்க?"

நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. தம்மாமும் இருபத்தாறு வருடமும் சுவரில் இருந்தன. எதிர்வீட்டு லாத்தா முதலில் திரும்பி உம்மாவைப் பார்த்தார். பிறகு மற்ற இருவரும் பார்த்தார்கள். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேப்பர் படிக்கிறபோது உதடு அசையுமே, அதுபோல உதடு அசைந்தது. முழுவதையும் ஒருமுறை தானாகவும் படித்தார் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது நானும் உம்மாவும் ஒரு ஆட்டோவில் வந்தோம்.

"ஒங்க பேரு எங்கயும் இல்ல உம்மா" என்றேன்.

"பேரு இருந்துருந்தா என் வாப்பா வச்ச பேரோட போயிருக்கும்" என்றார். "ஒன் வாப்பாவைல்ல சந்தியில நிறுத்திட்ட."

கொஞ்ச தூரம் போனதும், "அப்ப நீ அதுக்காகத்தான் இருந்தியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டார்.

"ரெண்டுக்குந்தான் உம்மா."

"எத்தன நாள் எதுக்கு?" என்றார். ஆய்வாளர் என்று பட்டம் வாங்கிய எனக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு லாத்தா வந்துவிட்டார். வருவார் என்று எனக்குத் தெரியும். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், கூடத்தில் பேசுவது தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் லாத்தா, பெத்த தாயி வாயில வந்தத இப்படி நாலு பேரு முன்னாடி போடலாமா? ஒங்களக் கேக்காமயா செஞ்சா?" என்றார்.

உம்மா உடனே சொன்னார், யோசிக்கவே இல்லை.

"என்னக் கேட்டுட்டுத்தான் எழுதுனா. நாந்தான் எழுதிக்கம்மான்னு சொன்னேன்."

எனக்குத் தெரிந்து உம்மா எதற்காகவும் பொய் சொன்னதில்லை. லாத்தா போன பிறகு அடுப்படிக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் சோற்றுப் பானையை இறக்கினார், எனக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டார்.